வெண்சுண்ணம் பூசினால் போதுமா?

கொழும்பு மாநகரிலே, கறுவாத்தோட்டப் பகுதியில், சுதந்திர சதுக்கத்துக்கு அணித்தாக, வெண்ணிறச் சுவர்களோடும் வளைந்த வாயில்களோடும் நீண்ட விறாந்தைகளோடும் நிற்கின்ற பழங்கட்டடங்களை எம் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். 2014 ஆம் ஆண்டிலே அவை கடைத்தொகுதியாகத் திறந்துவைக்கப்பட்டன. 'ஆர்கேட் இன்டிபென்டன்ஸ் ஸ்குவயர்' என்பது அவற்றுக்கு இட்ட புதுப் பெயர். உணவுச்சாலைகள் உண்டு, ஆடை அணிகலன் விற்கும் கடைகள் உண்டு, மாலைப் பொழுதில் மின்விளக்கொளியிலே உலாவுவோர் கூட்டமும் உண்டு. கடைகளாவதற்கு முன்னர் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் திணைக்களம் அங்கே இருந்தது என்பதை அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய நம்மவர் அறிவர். அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந்தொட்டு 1926 ஆம் ஆண்டளவு வரை, இந்நாடு முழுவதிலுமிருந்து கொண்டுவரப்பட்ட மனநோயாளரை அடைத்துவைத்த இடம் அதுவே என்பதை அறிந்தோர் எத்துணைப் பேர்?

இக்கேள்வியை நாம் எழுப்புவது பழையதைக் கிளறிப் பேய்க்கதை சொல்வதற்காகவன்று. அங்கே கடை வைத்துப் பிழைப்போரின் வயிற்றில் அடிப்பதற்காகவுமன்று. அக்கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்காது காத்தமை நற்செயல் என்பதே எமது துணிபு. ஒரு பேர்ச் நிலம் பொன்விலை விற்கும் கறுவாத்தோட்டத்திலே, பழையதை இடித்துப் பல மாடிகளை அடுக்கிவைக்க ஆசைப்படுவோருக்குக் குறைவில்லை. அவ்வாசைக்கு இடங்கொடாது சுவரையும் கூரையையும் காத்தவர்களைப் பாராட்ட வேண்டிய அளவுக்குப் பாராட்டுகின்றோம். 2011 ஆம் ஆண்டிலே கோட்டைப் பகுதியிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் இவ்வாறே செப்பனிடப்பட்டுக் கடைத்தொகுதியாயிற்று. அதனையும் நாம் குறைகூறப் போவதில்லை.

எமது முறைப்பாடு வேறு. சுவரைக் காத்தல் பாதி வேலையே. அச்சுவருக்குள் வாழ்ந்து மாண்டவர்களின் வரலாற்றைக் காத்தலும், இன்று அதே நோயால் வருந்துவோருக்கு அக்கட்டடத்தின் வருவாயிலிருந்து ஏதேனும் பயன் கிடைக்கச் செய்தலும் மற்றைப் பாதி. நோயாளரின் துயருக்கென்று பொதுப்பணத்திலே கட்டப்பட்ட மனை, பணப்பை உள்ளவருக்கு மட்டுமே வரவேற்புக் கூறும் மனையாக மாறுமெனில், அது காக்கப்பட்டது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியிலே மனம் பேதலித்தவர்களைப் பராமரிக்கவெனச் சட்டங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் நெடுங்காலம் நிலைபெற்றது 1873 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒருவரைப் பைத்தியக்காரர் என்று தீர்மானித்துக் காப்பகத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை அச்சட்டம் மாவட்ட நீதிமன்றத்தின் கையிலே கொடுத்தது. பொலிசார் பிடித்துவர, வைத்தியர் சான்று கூற, நீதிபதி கட்டளையிடுவார். நோய்க்கும் குற்றத்துக்கும் ஒரே வாயில் என்னும்படி அமைந்த முறை அது. முன்னர் பொறளையிலிருந்த காப்பகம் நெரிசலால் மூச்சுத் திணறியமையால், 1880 ஆம் ஆண்டுகளில் யாவத்தை வீதியோரத்தில் இப்புதுக் கட்டடங்களை எழுப்பினர். அவையும் வெகு விரைவில் நிரம்பி வழிந்தன. பின்னர் அங்கொடையிலே பெரிய வைத்தியசாலை கட்டப்பட்டு நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். யாவத்தைக் கட்டடங்கள் அரசாங்கக் காரியாலயங்களாயின.

தமிழ் மக்களுக்கு இதில் என்ன என்று கேட்போர் இருக்கலாம். இலங்கைத்தீவு முழுமைக்கும் அக்காலத்தில் இருந்தது இந்த ஒரு காப்பகமே. பருத்தித்துறையிலோ மட்டக்களப்பிலோ மலைநாட்டுத் தோட்டத்து லயத்திலோ ஒருவருக்குச் சித்தம் கலங்கினாலும் அவர் சென்றடைய வேண்டிய இடம் கொழும்பே. வடபகுதிப் புகைவண்டிப் பாதை பூர்த்தியானது 1905 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் கப்பலிலோ வண்டியிலோ நாட்கணக்காகப் பயணஞ் செய்தே அங்கு சேர்ந்திருப்பர். வழியிலே காவலாளி, போய்ச் சேர்ந்த இடத்திலே அறியாத மொழி, ஆளுபவன் எழுதிவைக்கும் ஏட்டிலே ஒரு பெயர், சில வேளை பிழையாக எழுதப்பட்ட பெயர். மனநோய்க்கு மருந்தாவது பெரும்பாலும் பேச்சு. தன் மொழியைக் காதாற் கேளாத நோயாளி எங்ஙனம் தேறுவான்? மொழியுரிமை பற்றி நாம் பாராளுமன்றத்திலும் தெருவிலும் பேசிய பேச்செல்லாம் இந்த நோயாளியின் கட்டிலருகே வந்துதான் தன் முழுப் பொருளையும் பெறுகின்றது.

அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் நம் நாவிலே வசைச் சொல்லாக வழங்கியதை யாம் மறைப்பானேன்? "அவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்று பேசிச் சிரியாத திண்ணை உண்டா? அவ்வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. பெயரை மாற்றினர், சிரிப்பு இன்னும் முற்றாக நிற்கவில்லை. பழைய காப்பகத்தின் வரலாற்றை மறைப்பதற்கு அரசாங்கமும் வணிகரும் மட்டும் காரணர் அல்லர். குடும்பத்திலே ஒருவருக்கு இந்நோய் வந்தால் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று அஞ்சிப் பெயரையே சொல்லாது விட்ட நம் குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு.

மற்றைய தேசங்களிலே இத்தகைய கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது இவ்விடத்திலே பயன்படும்.

ஐக்கிய அமெரிக்காவில் பிலதெல்பியா நகரத்து வைத்தியர் தோமஸ் ஸ்ரோறி கேர்க்பிறைட் என்பவர் 1854 ஆம் ஆண்டில் மனநோய் வைத்தியசாலைகளை எப்படிக் கட்டுவது என்பது பற்றி ஒரு நூல் எழுதினார். கட்டடமே மருந்து என்பது அவர் கொள்கை. நடுவிலே நிர்வாக மண்டபம். இருமருங்கும் வௌவாலின் சிறகு விரித்தாற்போலப் படிப்படியாகப் பின்வாங்கிச் செல்லும் விடுதிகள். ஒவ்வோர் அறைக்கும் காற்றும் வெயிலும். சுற்றிலும் சோலையும் கமமும். ஒரு மனையிலே 250 பேருக்கு மேல் வைத்தல் ஆகாது என்றும் அவர் வரையறை செய்தார். அவர் கொள்கையைப் பின்பற்றி அந்நாட்டிலே அரண்மனை போன்ற வைத்தியசாலைகள் பல எழுந்தன. காலஞ்செல்ல, அரசாங்கங்கள் பணத்தைச் சுருக்கி நோயாளரைப் பெருக்கின; சோலை நடுவே கட்டிய மனைகள் தொழுவங்களாயின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதிய மருந்துகளும் புதிய எண்ணங்களும் தோன்றியபின் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்போதுதான் இவற்றை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது.

நியூ ஜேர்சி மாநிலத்திலே 1876 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிறேஸ்ரோன் பார்க் வைத்தியசாலையை, காக்குமாறு ஊரார் மன்றாடியும் கேளாமல், 2015 ஆம் ஆண்டில் அம்மாநில அரசாங்கம் இடித்துத் தள்ளியது. இடிப்பதற்கு மட்டும் மூன்று கோடி டொலருக்கு மேற்பட்ட பணம். எடுத்துச் செப்பனிடுகின்றோம் என்று முன்வந்தவர்கள் இருந்தும் இடிப்பதற்கே பணத்தைக் கொட்டினார்கள். அரசாங்கங்களின் கணக்கு எந்த நாட்டிலும் நம் அறிவுக்கு எட்டுவதில்லை போலும்!

நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரிலே வேறு விதம். றிச்சாட்சன் என்னும் பெருங்கட்டடக் கலைஞர் வரைந்த காப்பகம் அங்கே 1880 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கைவிடப்பட்டுக் கூரை இடிந்து கிடந்த அதனைக் காக்குமாறு ஊரார் நீதிமன்றம் வரை சென்று வழக்காடி, அரசாங்கத்தின் கையிலிருந்து பணத்தைப் பெற்றனர். 2017 ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி விருந்தினர் விடுதியாயிற்று. கொள்ளை நோய்க் காலத்தில் 2021 ஆம் ஆண்டிலே அது மூடப்பட்டு, 2023 ஆம் ஆண்டிலே வேறு கையில் மறுபடி திறக்கப்பட்டது. வணிகத்தை மட்டும் நம்பிய கட்டடம் வணிகத்தோடு ஏறி இறங்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் சுவர் நிற்கின்றது. நிற்கின்ற சுவருக்கு நாளை வேறொரு வழி பிறக்கலாம். இடித்த சுவருக்கு எவ்வழியும் இல்லை.

கமக்காரப் பெருமக்கள் விரும்பிக் கேட்கத்தக்க கதை ஒன்றும் உண்டு. மிச்சிக்கன் மாநிலத்திலே ட்றவேர்ஸ் சிற்றி என்னும் ஊரில் 1885 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட வைத்தியசாலைக்குப் பெருங்கமம் ஒன்று இருந்தது. பழத்தோட்டம், மரக்கறி, மாட்டுப்பண்ணை எல்லாம் அங்கே உண்டு. நோயாளர் உழுதனர், நட்டனர், பால் கறந்தனர். நிலத்தோடும் கால்நடையோடும் பழகும் வேலை கலங்கிய மனத்தைத் தெளியச் செய்யும் என்று அதன் முதல் அத்தியட்சகராயிருந்த வைத்தியர் மன்சன் நம்பினார். அதிலே உண்மையில்லை என்று மண்ணோடு பழகிய எவரும் கூறார். அப்பண்ணையில் கொலந்தா வோக்கர் என்னும் பெயருடைய பசு ஒன்று தன் வாழ்நாளில் 200,114 இறாத்தல் பாலும், 7,525 இறாத்தல் வெண்ணெய்க் கொழுப்பும் கொடுத்தது. 1932 ஆம் ஆண்டிலே அது இறந்தபோது வைத்தியசாலையார் அதனைப் பண்ணை நிலத்திலேயே அடக்கஞ் செய்து, பெயர் பொறித்த நடுகல்லும் நாட்டினர். வைத்தியசாலை 1989 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர் அக்கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டு, இன்று குடியிருப்பும் கடைகளும் உணவுச்சாலைகளும் உள்ள கிராமம் போல விளங்குகின்றன. பசுவின் கல்லும் அங்கே நிற்கின்றது. அதன் பெயரால் விழாவும் எடுத்திருக்கின்றனர்.

பசுவுக்குக் கல் நாட்டியமை பழிக்கத்தக்கதன்று. பால் தந்த மாட்டை நன்றியோடு நினைப்பது பட்டிப்பொங்கல் கொண்டாடும் நமக்குப் புதிதுமன்று. ஆனால் அந்தப் பசுவைக் கறந்த கைகள் யாருடையவை? அந்நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றிலே நோயாளர் செய்த வேலைக்குக் கூலியே இருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. அத்தகைய பல வைத்தியசாலைகளின் இடுகாடுகளிலே மாண்டவருக்குக் கிடைத்தது பெயரன்று. இரும்புத் துண்டிலோ கல்லிலோ பொறித்த ஓர் இலக்கம். ஜோர்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில் என்னும் இடத்திலே அந்த இலக்கக் குறிகளும், புல்வெட்டுவதற்கு இடைஞ்சல் என்று பிடுங்கப்பட்டன.

பெயரை மீட்டுக் கொடுத்த இடமும் உண்டு. ஒறிகன் மாநிலத்து வைத்தியசாலையிலே, உரிமை கோரி உறவினர் எவரும் வாராத 3,500 பேரளவில் நோயாளரின் சாம்பல், செப்புக் குவளைகளிலே இட்டு மறந்துவிடப்பட்டுக் கிடந்தது. அதனைக் கண்டெடுத்து, பெயர்களைத் தேடி எழுதி, ஊரறிய வெளியிட்டனர். நெடுங்காலத்தின் பின்னர் தம் பாட்டனாரின் சாம்பலைப் பெற்றுச் சென்ற குடும்பங்களும் உண்டு. 2014 ஆம் ஆண்டிலே அவர்களுக்கு நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. அதே வைத்தியசாலையின் பழைய கட்டடத்தின் ஒரு பகுதியிலே, 2012 ஆம் ஆண்டிலிருந்து, மனநோய் வைத்தியத்தின் வரலாற்றைக் காட்டும் பொருட்காட்சிச்சாலையும் உண்டு. நியூயோர்க் மாநிலத்து வில்லாட் வைத்தியசாலை 1995 ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, கூரையடி அறையிலே ஏறத்தாழ 400 பயணப்பெட்டிகள் காணப்பட்டன. நோயாளர் வந்து சேர்ந்த அன்று கையிற் கொண்டுவந்த பெட்டிகள்! திரும்பிப் போகும்போது எடுத்துச் செல்வோம் என்று கொடுத்துவிட்டு, திரும்பியே போகாதவர்களின் பெட்டிகள். அவற்றைக் குப்பையிலே வீசாமல் மாநில நூதனசாலையிலே வைத்தனர். 2004 ஆம் ஆண்டிலே அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது திரள் திரளாக மக்கள் வந்து பார்த்தனர். அன்பர்களே, சுவரும் கூரையும் சொல்லாத செய்தியை ஒரு பெட்டியும் அதனுள் மடித்துவைத்த சட்டையும் சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது இத்தாலி தேசத்துத் திரியெஸ்தே நகரம். 1908 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சான் ஜொவானி என்னும் காப்பகத்துக்கு, 1971 ஆம் ஆண்டிலே பிராங்கோ பசாலியா என்னும் வைத்தியர் தலைவராக வந்தார். அப்போது உள்ளே இருந்தோர் ஏறத்தாழ 1,200 பேர். பசாலியா கட்டுகளை அவிழ்த்தார், பூட்டுகளைத் திறந்தார். வேலை செய்த நோயாளர் தாமே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக் கூலி பெற வழிசெய்தார். 1973 ஆம் ஆண்டிலே நோயாளரும் கலைஞரும் சேர்ந்து மரத்தாலும் கடதாசிக் கூழாலும் நீலக் குதிரை ஒன்று செய்து நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப் புறப்பட்டனர். குதிரை வாயிலுக்குள் அடங்கவில்லை. குதிரையைச் சிறிதாக்காமல் வாயிலை உடைத்தார்கள்! 1978 ஆம் ஆண்டிலே இத்தாலியப் பாராளுமன்றம் 180 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, அத்தகைய காப்பகங்களை மூடும் வழியைத் திறந்தது.

மூடியபின் அக்கட்டடங்களை என்ன செய்தார்கள்? மதில் இன்றி யாவரும் புகத்தக்க பூங்கா ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான றோசாச் செடிகள் நட்டார்கள். பழைய விடுதிகளிலே பல்கலைக்கழகத்தின் பகுதிகளும் பாடசாலைகளும் மனநல சேவையின் காரியாலயங்களும் இடம்பெற்றன. அங்கேயுள்ள உணவுச்சாலையைக் கூட்டுறவுச் சங்கத்தார் நடத்தினர். கடை அங்கேயும் உண்டு என்பதைக் கவனிக்க. ஆனால் கடை யாருடையது என்பதிலேதான் வேற்றுமை. ஐக்கிய நாணய சங்கங்களையும் பண்டகசாலைகளையும் கட்டி வளர்த்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். யாவத்தைக் கட்டடங்கள் புதுக்கப்பட்ட காலம், பாதுகாப்பு அமைச்சே நகர அபிவிருத்தியையும் தன் கையில் வைத்திருந்த காலம். கொழும்பிலே நூற்றாண்டு கடந்த சுவருக்கு வெள்ளை பூசி விளக்கேற்றிய அதே 2014 ஆம் ஆண்டிலே, வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டில் துரத்தப்பட்ட மக்கள் பலர் தம் வீட்டுச் சுவர் நிற்கின்றதா விழுந்ததா என்று போய்ப் பார்க்கவும் விடப்படாது முகாம்களில் இருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய கச்சேரி, பழைய பூங்காவின் அயலிலே போரால் சிதைந்து கூரையற்றுக் கிடந்தது. மரபுரிமையைப் பேணுகின்றோம் என்ற பேச்சு எமக்குக் கைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அக்கைப்பினாலே, "கொழும்புக் கட்டடம் நமக்கென்ன" என்று புறக்கணித்தலும் தவறு. அங்கே மாண்டவர்களிலே நம்மவரும் உளர். அதனைப் புதுக்கிய பணத்திலே நம் வரியும் உண்டு.

வெள்ளை பூசுவதால் நினைவு அழியும் என்பது நாம் அறியாததன்று. 1981 ஆம் ஆண்டிலே எரியூட்டப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலான யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மீளக் கட்டும்போது, எரிந்த சுவரில் ஒரு பகுதியையேனும் அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும் என்று வாதிட்டோர் உண்டு. மாணவர் படிக்க நூலகம் வேண்டும், கரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது என்றோரும் உண்டு. இரு சாராரும் நியாயமே பேசினர். கட்டடம் முழுவதும் வெண்மையாக எழுந்தது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்த இரவைப் பற்றி மற்றொருவர் வாய்திறந்து சொல்லித்தான் ஆகவேண்டும், சுவர் சொல்லாது. தம் பழைய கதையைச் சொல்லிக் கொடுக்க யாவத்தைச் சுவர்களுக்கு அப்படி ஒருவருமில்லை. தீமூட்டியவனைப் பழிப்பதற்கு ஓர் இனமே எழுந்தது. பைத்தியக்காரருக்காக எழுவதற்கு யார் உளர்?

கட்டட வேலை பற்றியும் ஒரு வார்த்தை, எந்திரிகளும் மேசன்மாரும் நம் வாசகராதலால். பழஞ்சுவர்கள் சுண்ணச்சாந்தால் கட்டப்பட்டவை. அவை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கிராமத்துச் சொல்லில் சொன்னால் மூச்சுவிடும். அவற்றின்மேல் சீமெந்தை அப்பி, மூச்சடைக்கும் வர்ணத்தைப் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் சில மாரிகளிலே சுவரை உதிர்த்துவிடும். தீராந்தியைக் கழற்றிக் கொங்கிறீற் தட்டைப் போடுவதும் அவ்வாறே. பாரம் தாங்காது சுவர் பிளக்கும். நம் ஊர்களிலே பாட்டனார் கட்டிய வீட்டைப் பெருப்பித்துக் கட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. உயர்ந்த முகடும் அகன்ற விறாந்தையும் எதிரெதிர் யன்னலும் உள்ள பழங்கட்டடம் வெயிலிலே குளிர்ந்திருக்கும். கண்ணாடிப் பெட்டி போன்ற புதுக்கட்டடமோ மின்சாரக் குளிரூட்டி இன்றி ஒரு நாழிகையும் இருக்கவொட்டாது. பழையதைக் காத்தல் செலவு என்று சொல்வோர் மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பாராக.

நாம் கேட்பது மிகையன்று. யாவத்தைக் கட்டடத்திலே வாடகை பெறாத அறை ஒன்று ஒதுக்கப்படட்டும். இது இன்ன காலத்திலே மனநோயாளர் காப்பகமாக இருந்தது என்பதும், அவர்களை எச்சட்டம் இங்கு கொண்டுவந்தது என்பதும் மும்மொழியிலும் அங்கே எழுதப்படட்டும். தமிழ்ப் பலகை பிழையற்ற தமிழிலே இருக்கட்டும். அரசாங்கத் தமிழ்ப் பலகைகள் எழுத்துப்பிழைகளின் காட்சிச்சாலையாக இருப்பதை வாசகர் அறிவர். கடைகள் கொடுக்கும் வாடகையிலே ஒரு பங்கு, நோய் தேறியும் வீட்டார் ஏற்றுக்கொள்ளாமையால் வைத்தியசாலையிலேயே முதுமையடைகின்றவர்களுக்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைக்கச் செல்லட்டும். தெல்லிப்பழையிலே மனநல விடுதியை நடத்துவோரும், 2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னியிலே வீடு வீடாகச் சென்று மனம் நொந்தவர்களைக் கண்ட வைத்தியரும் தாதியரும், அத்தகைய இல்லங்களுக்கு எத்துணைத் தேவை உண்டு என்பதை எம்மினும் நன்கு சொல்வர். வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நம் மக்களின் மனத்துக்குச் செய்ததை 1998 ஆம் ஆண்டிலேயே ஒரு நூலாக எழுதிவைத்தார். அதற்குப் பின்னும் பதினோராண்டு போர் நடந்தது.

இது யாவத்தையோடு முடியும் காரியமுமன்று. மனநோய் வைத்தியம் பெரிய காப்பகங்களை விட்டு மாவட்ட வைத்தியசாலைகளை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருக்கின்றது. அது நல்ல மாற்றம். அங்கொடையின் பழைய விடுதிகளும் ஒரு நாள் வெறுமையாகும். அன்று அந்நிலத்தின்மேல் கண் வைப்போர் பலர் வருவர். அதற்கு முன்னரே, அக்கட்டடங்களில் எவற்றைக் காப்பது, எப்பயனுக்கு விடுவது என்பதை வைத்தியரும் நோயாளரின் குடும்பத்தாரும் கட்டடக் கலைஞரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். பின்னர் வந்து, வேலி அடைத்த பிறகு, மகஜர் எழுதுவதிலே பயனில்லை. மகஜர் எழுதி எழுதியே கை ஓய்ந்த இனம் நம் இனம்.

கட்டடத்தினும் விரைவில் அழிவது கடதாசி. காப்பகத்தின் சேர்க்கை ஏடுகளையும் மரணப் பதிவுகளையும் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பொறுப்பிலே வைத்து, கறையானுக்கு இரையாகுமுன் படம்பிடித்துப் பாதுகாத்தல் முதல் வேலை. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அரசாங்க அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கின்றது. நம் நியாயவாதிகள் எவரேனும் அந்த ஏடுகளைப் பற்றிச் சுகாதார அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவாராக. வடக்கு கிழக்கு மலையகப் பிரதிநிதிகள் அதே கேள்வியைப் பாராளுமன்றத்திலே எழுப்புவாராக. கிடைக்கும் மறுமொழியை, அது எதுவாயினும், இப்பத்திரிகையிலே வெளியிடக் காத்திருக்கின்றோம்.